லீக்ஸ் பாத்திக்குள் போன ரொக்கெட்: ஒரு நிகழ்வு ஆய்வு

காலை 9.40க்கு ஏவினோம். 9.41 ஆகும்போது லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) நாய்கள் குரைத்து ஓய்ந்திருந்தன. பறப்பு என்று பார்த்தால் ஏழு செக்கன்கூட இல்லை. பாடசாலை மைதானத்திலிருந்து கிளம்பிய எங்கள் நீர் ரொக்கெட் மேற்குப் பக்கம் சாய்ந்துகொண்டே ஏறியது, உச்சியில் கொஞ்சம் தயங்கியது, பிறகு மூக்கு கீழாகத் திரும்பி, பரசூட் விரியாமலே, மைதானத்துக்குக் கீழே இருக்கிற லயத்தின் பின்பக்கத் தோட்டத்தில் குத்தி நின்றது. லீக்ஸ் பாத்தி. ஒரு சாண் ஆழம்.

நாங்கள் படியிறங்கி ஓடியபோது தோட்டத்துக்குச் சொந்தக்கார அப்பாயி காம்பரா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சேரு, இது வானத்துக்குப் போறதுன்னுல்ல பேரன் சொன்னான். நாத்து நடவா வந்துச்சு?"

பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம்தான் அவர் நின்ற இடத்திலிருந்து பாத்தி வரை நடந்து பார்த்தேன். 12 எட்டு. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

யாருக்கும் காயமில்லை. மூன்று லீக்ஸ் போனது, ஒரு ரொக்கெட் போனது. ஆனாலும் இதை முழுதாக எழுதி வைக்கக் காரணம் உண்டு. இது அசட்டையால் நடந்த தவறு அல்ல. ஒரு புத்தகக் குறிப்பை ஒழுங்காகப் படித்து, அதன்படியே செய்து, சோதித்தும் பார்த்து, அதற்குப் பிறகு நடந்த தவறு.

பெட்டி வந்த கதை

ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். டெக்சஸில் இருக்கும் மச்சான் ஜனவரி விடுமுறையில் வந்தபோது நீளமான பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஓர் உயர் சக்தி ரொக்கெட் தொகுதி: 66 மில்லிமீற்றர் விட்டத்தில் தடித்த காட்போட் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, குழாயில் வெட்டிய பிளவுகளுக்குள் செருகி உள்ளேயே ஒட்டுகிற பிளைவூட் செட்டைகள் மூன்று, 38 மில்லிமீற்றர் மோட்டார் குழாய், 90 சென்ரிமீற்றர் நைலோன் பரசூட், அதைத் தீயிலிருந்து காக்க ஒரு துணி. உயரத்தை அளந்து பீப் ஒலியால் சொல்லும் விரலளவு கருவியொன்றும் இருந்தது.

"மோட்டார் எங்க மச்சான்?" என்று கேட்டேன். பிளேனில் ஏற்றவே முடியாதாம்.

அது நியாயம். இந்தப் பொழுதுபோக்கில் மோட்டார்களை ஆங்கில எழுத்துகளால் வகுப்புப் பிரிப்பார்கள். ஒவ்வோர் எழுத்தும் முந்தியதைவிட இரு மடங்கு கணத்தாக்கு, அதாவது உதைப்பை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கிய அளவு. ஏ வகுப்பு 2.5 நியூட்டன் செக்கனோடு நின்றுவிடும்; ஜி வகுப்பு 160 வரை. அதைத் தாண்டி எச் வகுப்புக்குள் போனால் உயர் சக்தி. 160இலிருந்து 320 வரை. அங்கே எச், ஐ வகுப்பு மோட்டார் வாங்க முதலாம் நிலைச் சான்றிதழ் வேண்டும். அதற்கான சோதனை எனக்குப் பிடித்திருந்தது: மேலே அனுப்பினால் போதாது, பரசூட்டில் இறக்கி, திரும்ப எடுத்து வந்து, மறுபடி பறக்கக்கூடிய நிலையில் காட்ட வேண்டும். ஏறுவதற்குப் பாதி மார்க்ஸ் என்றெல்லாம் கிடையாது.

மோட்டாருக்குள் இருப்பது பெரும்பாலும் அமோனியம் பெர்குளோரேற் கலந்த திண்ம எரிபொருள். அமெரிக்காவிலேயே அது நெடுநாள் வெடிபொருள் பட்டியலில் இருந்து, ரொக்கெட் சங்கங்கள் வழக்காடி 2009இல்தான் வெளியே வந்தது. இங்கே 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அப்படி ஒன்றைக் கையில் வைத்திருக்க முடியாது. அதுவும் மலைநாட்டில் ஒரு தமிழ் வாத்தியார், பையில் ரொக்கெட் மோட்டார்! பொலிசுக்கு அதை விளக்கிக்கொண்டு நிற்கும் காட்சியை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

இன்னொரு தடையும் உண்டு. அமெரிக்கச் சங்கத்தின் பாதுகாப்பு விதிப்படி உயர் சக்தி ரொக்கெட் விடும் நிலத்தின் குறுகிய பக்கமே 1,500 அடி இருக்க வேண்டும். எங்கள் பக்கம் அப்படித் தட்டையாகக் கிடப்பது காசல்ரீ நீர்த்தேக்கம்தான்.

ஆகவே நீர் ரொக்கெட்: போத்தலில் கொஞ்சம் நீர், மேலே பம்பால் அடித்த காற்று; வாயைத் திறந்துவிட்டால் நீர் கீழே பீறிட, போத்தல் மேலே போகும். மொரட்டுவையில் இருக்கும் ஆதர் சி. கிளார்க் நிறுவனம் மாணவர்களுக்கு நீர் ரொக்கெட் போட்டி நடத்துவதால், அதிபரிடம் சொல்லி அனுமதி வாங்குவதும் சுலபமாக இருந்தது.

தொகுதியை அப்படியே போத்தலில் ஏற்றிவிடலாம் என்றான் ஒரு தரம் 10 மாணவன். கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2 லீற்றர் குளிர்பான போத்தலில் மூன்றில் ஒரு பங்கு நீர், 70 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்) அமுக்கம். கிளம்பும் கணத்தில் உதைப்பு 300 நியூட்டனுக்கு மேல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நீர் ஒரு செக்கனின் பத்திலொரு பங்கில் தீர்ந்துவிடும். மொத்தக் கணத்தாக்கு 17 நியூட்டன் செக்கன் அளவு, அதாவது டி வகுப்பு. 1.1 கிலோ எடையுள்ள தொகுதியை அது ஐந்தாறு மீற்றர் தூக்கும். லயத்துக் கூரையைத் தாண்டலாம், அவ்வளவுதான்.

எனவே தொகுதியைக் கட்டி வகுப்பில் காட்சிக்கு வைத்தோம். அதைப் பார்த்துப் பார்த்து, போத்தலைச் சுற்றி இலேசான ஒன்றைப் பிள்ளைகள் செய்தார்கள். உடலுக்குப் பிரிஸ்டல் போட் (தடித்த காகித அட்டை) சுருள், மூக்குக்குச் செதுக்கிய ரெஜிஃபோம் (இலேசான வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்), மூக்கின் அடியில் குழாய்க்குள் இறங்கும் கழுத்துக்கும் பிரிஸ்டல் போட் வளையம், செட்டைக்கு மெல்லிய பிளைவூட். நீர் இல்லாமல் 300 கிராம். பரசூட்டும் உயரமானியும் மட்டும் மச்சானின் பெட்டியிலிருந்து.

முதல் இரண்டு பறப்புகள்

இரண்டும் பெப்ரவரியில், வெயில் காய்ந்த பிற்பகல்களில். போத்தலை முதலில் விளிம்புவரை நீரால் நிரப்பி, ஏவும் அமுக்கத்தைவிடக் கூட்டிச் சோதித்தோம். ஏவுமேடை குழாய்த் துண்டும் கேபிள் டையும் சேர்ந்தது. கயிற்றை இழுத்தால் விடுபடும். சுற்றிலும் 30 மீற்றர் வட்டத்துக்குள் யாரும் இல்லை. பொலிசுக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் எழுத்தில் அறிவித்திருந்தோம்.

உயர் சக்தி ரொக்கெட்டில் மோட்டார் எரிந்து முடிந்து சில செக்கன் கழித்து அதன் தலைப்பக்கத்தில் ஒரு சிறு வெடிப்பு நடக்கும். அந்த வாயு குழாயை நிரப்பி மூக்கைத் தள்ளிவிட, பரசூட் வெளியே வரும். நீர் ரொக்கெட்டில் அது இல்லை. மூக்கு தளர்வாக உட்கார்ந்திருக்கும். உச்சியில் ரொக்கெட் கவிழும்போது தானாகக் கழன்று விழ வேண்டும். கவிழ்த்துப் பிடித்தால் மூக்கு தன் எடையாலேயே விழுகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. எங்கள் மூக்கின் எடை 40 கிராம்.

முதல் பறப்பு 46 மீற்றர். பரசூட் கொஞ்சம் தாமதித்து விரிந்தது, ஆனாலும் விரிந்தது. மைதானமே ஆர்ப்பரித்தது.

இரண்டாவதில் மூக்கு அவசரப்பட்டுவிட்டது. ரொக்கெட் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே கழன்றது. நீர் தீர்ந்த பிறகு காற்று உடலைப் பின்னுக்கு இழுக்கும், மூக்கு முன்னுக்கு ஓடப் பார்க்கும். தளர்ந்த மூக்கு அதில் பிரிந்துவிடும். 90 சென்ரிமீற்றர் பரசூட் 300 கிராமுக்கு மிகப் பெரிது வேறு. செக்கனுக்கு மூன்றரை மீற்றர் வேகத்தில் ஆடி அசைந்து இறங்கி, மைதான விளிம்பையும் தாண்டி, சரிவில் மேலும் கீழே போய்த் தேயிலைக்குள் விழுந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் அதைக் கூடைக்குள் போட்டு நிறுவைக்குக் கொண்டுவந்தார்.

இந்த இரண்டாவது பறப்பைத் திருத்தப் போய்த்தான் மூன்றாவதைக் கெடுத்தேன். பரசூட்டை மாற்றியது சரியான வேலை: பழைய குடைத் துணியில் 60 சென்ரிமீற்றருக்கு ஒன்று வெட்டினோம், இறங்கும் வேகம் ஐந்து மீற்றர் அளவுக்கு வந்தது. ஹட்டன் 1,271 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கரையோரத்தைவிடக் காற்றின் அடர்த்தி 12 சதவீதம் குறைவு, அதையும் கணக்கில் சேர்த்துத்தான் வெட்டினோம். பிழை மூக்கில்.

மூக்கு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று மச்சானின் தொகுதிக் கையேட்டில் தேடினேன். தெளிவாகவே இருந்தது. ரொக்கெட்டை மூக்கில் பிடித்துத் தூக்கினால் உடல் கழன்று விழக் கூடாது. குலுக்கினால் கழல வேண்டும். தளர்வாக இருந்தால் கழுத்தில் மாஸ்கிங் டேப் ஒரு சுற்று. அப்படியே செய்தேன். தூக்கினேன், நின்றது. குலுக்கினேன், கழன்றது. பலகையில் பிள்ளைகளுக்கு எழுதியும் போட்டேன்.

மூன்றாவது பறப்பு

ஜூன் நடுப்பகுதி. தென்மேல் பருவக்காற்று எங்கள் பக்கத்து மலைகளில்தான் வந்து முட்டும். நான்கு நாளாக வெயில் என்ற ஒன்றே இல்லை. தூறல், மூட்டம், மறுபடி தூறல். வகுப்பறைக் கரும்பலகை வியர்த்து நிற்கும், சோக்கு எழுதாது. பெற்றோருக்குச் சொல்லியாகிவிட்டது என்பதால் நாளை மாற்றவில்லை. இதுவும் என் முடிவு.

முந்திய நாள் பிற்பகல் மூன்று மணிக்கு மூக்கைச் சோதித்தேன். சரியாக இருந்தது. ரொக்கெட் இரவு முழுவதும் விஞ்ஞான அறை மேசையில் கிடந்தது. காலையில் மேடையில் நிறுத்தி, பம்பு அடித்துக்கொண்டிருக்கும்போது பத்து நிமிடம் தூறல். பம்பு அடிக்கிறவனுக்குக் குடை பிடித்தோம், ரொக்கெட்டுக்குப் பிடிக்கவில்லை. தூறல் விட்டதும் ஏவினோம். மறுபடி மூக்கைத் தொட்டுப் பார்க்கவில்லை. அமுக்கம் ஏற்றிய போத்தலுக்குக் கிட்டப் போகக் கூடாது என்று விதி போட்டவனே நான்தானே.

43 மீற்றர். மீதி முதல் பந்தியில்.

மேசையில் பார்த்தவை

பாத்தியிலிருந்து எடுத்ததைக் கழுவாமல் அப்படியே மேசைக்குக் கொண்டுவந்தோம். ரெஜிஃபோம் மூக்கு நசுங்கித் தட்டையாகி, லீக்ஸ் வேர் ஒன்றோடு ஒட்டியிருந்தது. ஆனால் கழுத்து இன்னும் குழாய்க்குள்ளேயே இருந்தது! இரண்டு பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள், வரவில்லை. பிளேட்டால் குழாயை நீளவாக்கில் கிழித்தோம். உள்ளே குடைத் துணி, நாங்கள் மடித்த மடிப்புக் கலையாமல், தூவிய டல்கம் பவுடர்கூட அப்படியே. அதாவது பரசூட்டில் பிழையில்லை, கயிறு சிக்கவில்லை. கதவே திறக்கவில்லை.

டேப்பை நகத்தால் உரித்தேன். அடியில் பிரிஸ்டல் போட் ஊறிய ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. வெட்டுமுகத்தில் காகித அடுக்குகள் விரிந்து, புத்தக ஓரம் போலத் தனித்தனியாகத் தெரிந்தன.

கண்ணால் பார்த்தது போதாது என்று அதே அளவில் புதுக் கழுத்தும் குழாயும் செய்து, மூக்கில் கொக்கி வைத்து, ஆய்வுகூட விற்றராசால் இழுத்து அளந்தோம். டேப் சுற்றாமல் உலர்ந்த நிலையில், கவிழ்த்தாலே விழுந்தது. 40 கிராமின் எடை 0.4 நியூட்டன், அதைவிடக் குறைந்த உராய்வு. டேப் ஒரு சுற்றுச் சுற்றியதும் 3.5 நியூட்டன். விஞ்ஞான அறையில் ஓர் இரவு வைத்து எடுத்தபோது 9. பிறகு நீர் தெளித்துப் பத்து நிமிடம் விட்டோம். தராசின் கடைசிக் கோடு 10 நியூட்டன். முள் அதைத் தொட்டு நின்றது, மூக்கு அசையவில்லை.

இந்த அளவைப் பார்க்கிற எவரும் ஈரம்தான் காரணம் என்பார்கள். பிள்ளைகளும் அப்படித்தான் எழுதினார்கள். நானும் ஒரு நாள் முழுக்க அப்படித்தான் நம்பினேன், வசதியாக இருந்தது. மழையைக் குறை சொல்லிவிட்டுப் போகலாம்.

இரண்டாவது எண்ணைப் பாருங்கள். 3.5. ஈரமே இல்லாத பிற்பகலில், நான் திருப்தியாகச் சோதித்து முடித்த நிலை அது. 0.4 நியூட்டன் எடையுள்ள மூக்கு 3.5 நியூட்டன் பிடிப்பை எப்படி விடுவித்துக்கொள்ளும்? விடாது. பெப்ரவரி வெயிலில் ஏவியிருந்தாலும் அந்த மூக்கு கழன்றிருக்காது. தூறல் ஏற்கெனவே பூட்டிய கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டது, அவ்வளவே.

கையேட்டில் பிழை இல்லை. உடலின் எடையைத் தாங்கும் பிடிப்பு என்றால் 300 கிராமுக்குக் கிட்டத்தட்ட மூன்று நியூட்டன். அது சொன்ன அளவைத்தான் நான் கொண்டுவந்திருந்தேன். ஆனால் அந்த விதி வெடிப்பு வாயு தள்ளும் ரொக்கெட்டுக்கானது. 66 மில்லிமீற்றர் குழாயின் வாய்ப் பரப்பு 34 சதுர சென்ரிமீற்றர். 10 பிஎஸ்ஐ அமுக்கம் வந்தாலே மூக்கின் மேல் 230 நியூட்டனுக்குக் கூடத் தள்ளும். அதற்கு 3.5 ஒரு பொருட்டா, 9 ஒரு பொருட்டா? பெரிய ரொக்கெட்டுகளில் மூக்கு முந்திக் கழலாமலிருக்க நைலோன் ஆணியே அடித்து வைக்கிறார்கள்; வெடிப்பு அதை வெட்டிக்கொண்டு திறக்கும். எங்களிடம் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. விதியை மட்டும் எடுத்துக்கொண்டேன், அது எதை நம்பி எழுதப்பட்டதோ அதை விட்டுவிட்டேன்.

மச்சானுக்கு இதை அனுப்பினேன். "அங்க ஈரத்துக்கு இறுகுதா? இங்க வெயிலுக்குச் சுருங்கிக் கழன்று விழுது, நாங்க டேப்புக்கு மேல டேப் சுத்துறோம்" என்று பதில் வந்தது.

சாய்வும் வட்டமும்

மூக்கைத் தவிர இன்னும் இரண்டு விஷயம். ரொக்கெட் ஏன் மேற்கே போனது? ரொக்கெட் நேராகப் பறக்கப் புவியீர்ப்பு மையம், காற்றின் விசை ஒன்றுசேர்ந்து தாக்கும் புள்ளியான அமுக்க மையத்துக்கு முன்னால், குறைந்தது ஒரு குழாய் விட்டம் தள்ளி இருக்க வேண்டும். நாங்கள் பயத்தில் மூக்குக்குள் களிமண் வைத்து அதை மூன்று விட்டத்துக்கு மேல் கொண்டுபோயிருந்தோம். அப்படிப்பட்ட ரொக்கெட் காற்று வரும் பக்கம் காற்றுத்திசைகாட்டி போலத் திரும்பும். பெப்ரவரியில் காற்று குறைவு, தெரியவில்லை. ஜூனில் பள்ளத்தாக்கிலிருந்து சரிவேறி வந்த மேல்காற்று அதை 15 பாகை அளவுக்குச் சாய்த்தது. 60 மீற்றர் தள்ளி விழ அது போதும்.

இரண்டாவது, 30 மீற்றர் வட்டம். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. போத்தல் வெடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் போட்ட வட்டம் அது. ரொக்கெட் எங்கே விழும் என்று யோசித்துப் போட்டதல்ல. 43 மீற்றரிலிருந்து பரசூட் இல்லாமல் விழுகிற 300 கிராம், செக்கனுக்கு 28 மீற்றர் அளவு வேகத்தில் நிலத்தைத் தொடும். ரெஜிஃபோம் மூக்கு ஒரு சாண் மண்ணுக்குள் போயிருக்கிறது என்றால் தலையில் பட்டால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. மச்சானின் ரொக்கெட் எச் மோட்டாரோடு போய் இப்படி விழுந்திருந்தால் ஐந்து மடங்கு எடை, இரு மடங்குக்கு மேல் வேகம், சக்தி இருபது மடங்கைத் தாண்டும். அந்த 1,500 அடி விதியைப் படித்துச் சிரித்த ஆள் நான்.

நான்காவது

மூக்கை இப்போது நிரந்தரமாக ஒட்டிவிட்டோம். பரசூட் பக்கவாட்டுக் கதவால் வெளியேறும். கதவு இன்னொரு குளிர்பான போத்தலிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக், ஊறாது. ரப்பர் பட்டி அதை மூடிப் பிடிக்கும். பட்டியின் முனையை ஒரு சாவிப் பொம்மையின் பற்சக்கரத்தில் மாட்டியிருக்கிறோம்; ஹட்டன் டவுன் நடைபாதையில் வாங்கிய தவளை, உடம்பைக் கழற்றிய பிறகு மிஞ்சிய இயந்திரம். மேடையிலிருந்து கிளம்பும்போது ஊசி உருவப்பட்டுச் சாவி சுழலத் தொடங்கும், மூன்று செக்கனில் பட்டி நழுவும். கழற்றியது என் மகளின் தவளை என்று இங்கே பதிவு செய்யச் சொல்லியிருக்கிறாள்.

களிமண்ணில் பாதியை எடுத்தோம். வட்டம் 80 மீற்றர். சரிவின் கீழே இருப்பவர்களை மைதானத்துக்கே கூட்டி வந்து உட்காரவைத்தோம். கதவைப் பம்பு அடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன், மேடையில் வைத்தே மூன்று முறை திறக்கவிட்டுப் பார்த்தோம். வேண்டுமென்றே தூறல் நாளாகப் பார்த்தோம்.

44 மீற்றர். உச்சிக்குக் கொஞ்சம் முன்பே கதவு திறந்து குடைத் துணி விரிந்தது. மைதானத்துக்குள்ளேயே, கரப்பந்தாட்டக் கம்பத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. அப்பாயி நாற்காலியை விட்டு எழவில்லை. லீக்ஸ் பாத்திப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு செட்டையின் அடியில் விரல் நீளத்துக்கு விரிசல். பசை காய இந்த மழையில் இரண்டு நாள் எடுக்கும்.